ரெடிமேட் வீடு சரி, கூரை என்ன ஆச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெடிமேட் வீடுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை நாளில் முடியும், லாரியில் எப்படி வரும், வேண்டாமென்றால் எப்படிக் கழற்றி எடுத்துப் போகலாம் என்றெல்லாம் இருந்தது, உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடலூர் மாவட்டத்தில் குறைந்த செலவு வீடுகள் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்ததாரர் நான். என்னிடம் வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பதே அதைத்தான்.

இந்த முறைக்கு நான் எதிரி இல்லை. கொத்தனார் கிடைப்பதில்லை, மணல் விலையைச் சொல்லவே வேண்டாம், வேறு இடத்தில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவது எனக்கும் லாபம்தான். ஆனால் விற்கிறவர்கள் சுவரைக் காட்டி விற்கிறார்கள். நம் ஊரில் சுவரைவிடக் கூரைதான் வெயில் வாங்குகிறது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, இடைப்பட்ட மாதங்களிலும் பெரிதாக விலகிப் போவதில்லை. தகர ஷீட் என்றால் பகலில் அடுப்பு, பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளம் அப்படியே தலைகீழ்: பகலெல்லாம் சூட்டைக் குடித்துவைத்துக்கொண்டு, நாம் பாயை விரிக்கும் நேரத்தில் கக்க ஆரம்பிக்கும்.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ழான் புரூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1949-லேயே ஆப்பிரிக்காவின் வெப்ப நாடுகளுக்காக அலுமினியத்தில் கழற்றி மாட்டும் வீடு ஒன்றைச் செய்தார். இரட்டைக் கூரை, நடுவே காற்று ஓட இடைவெளி, சுற்றிலும் வெயில் படாமல் தடுப்பு, எல்லாம் சரியாகவே யோசித்திருந்தார். விலைதான் கட்டுப்படியாகவில்லை, மூன்று வீடுகளோடு நின்றுபோனது. அதில் ஒன்றை 2007-ல் நியூயார்க்கில் ஏலம் விட்டு ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். மலிவு வீடு என்று ஆரம்பித்தது பணக்காரர்களின் சேகரிப்பில் போய் முடிந்ததை என்னவென்று சொல்வது! ஆனால் அந்த இரட்டைக் கூரையை நம் ஜனங்கள் யாரும் சொல்லித்தராமலே செய்துகொள்கிறார்கள். மொட்டைமாடிக்கு மேலே இரும்புக் கால் நட்டு ஷீட் போட்டுவிட்டால் கீழ் வீடு குளிர்கிறது, துணியும் காய்கிறது, வடாமும் பிழைக்கிறது.

விலையும் வெயிலும் சேர்ந்து கவிழ்த்த கதைக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தித் தருவதாக அந்த நாட்டு அரசு திட்டம் போட்டது. 2016 வாக்கில் அது பெரிய சர்ச்சையானது. ஒரு வீடு சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய் என்றார்கள். அதே பகுதியில் இந்திய உதவித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் கொடுத்து, குடும்பங்களே முன்னின்று கல்வீடு கட்டிக்கொண்டிருந்தன. அந்த வெக்கைக்கு இரும்பு வீடு ஒத்துவராது, காற்றோட்டம் போதாது, பழுது பார்க்க உள்ளூரில் ஆள் இல்லை, பின்னால் ஒரு அறை சேர்க்க வழியில்லை என்று பொறியியலாளர்களும் தமிழ் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். கடைசியில் அறிவித்த அளவில் அது நடக்கவேயில்லை.

அறை சேர்ப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. நம் வீடுகள் ஒரே நாளில் கட்டி முடிகிற வீடுகளா என்ன? முதலில் ஒரு அறையும் சமையல்கட்டும், அப்புறம் முன்னால் ஒரு தாழ்வாரம், மகனுக்குக் கல்யாணம் என்றால் பக்கத்தில் ஒரு அறை, கொஞ்சம் காசு சேர்ந்தால் தெருப்பக்கம் ஒரு பெட்டிக்கடை. கம்பெனிக்காரர்கள் தருவது மூடிய பெட்டி, அதை நீட்ட வேண்டுமென்றால் அவர்களையேதான் கூப்பிட வேண்டும். சில மாடல்களில் மின்விசிறியும் தொட்டிலும் தொங்கவிடக் கூரையில் தோதான கொக்கிகூட இல்லை. குழந்தை பிறக்காத வீட்டுக்கு வடிவமைத்தார்களோ என்னவோ.

எனக்கு வேண்டியது பெட்டி இல்லை, துண்டுகள். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்வார்ப்பாக, அதாவது முன்கூட்டியே வார்த்துக் காயவைத்த பலகையும் உத்தரமும் வைத்துத் தளம் போடும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. 1994-ல் அதற்கு இந்தியத் தர விதியே வந்துவிட்டது. கான்கிரீட் உத்தரங்களைச் சுவர்மேல் வரிசையாக வைத்து, நடுவில் சின்னச் சின்ன கான்கிரீட் பலகைகளை அடுக்கி, மேலே கம்பி போட்டு மெல்லிசாக ஒரு கான்கிரீட், அவ்வளவுதான். பலகையை இரண்டு பேர் தூக்கலாம், உத்தரத்துக்கு நாலைந்து பேர் வேண்டும், கிரேன் நுழையாத சந்திலும் வேலை நடக்கும். தளம் முழுக்க சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தட்டு, அடிக்க வேண்டாம், முட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் கற்பலகையில் கூரை போட்டு வாழ்கிறவர்களுக்கு இது புதுசாகவே தெரியாது. சுவரை அவரவர் வசதிக்குச் செங்கல்லிலோ ஹாலோபிளாக்கிலோ வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு இன்னொரு அறை வேண்டுமென்றால் இன்னும் நாலு உத்தரம் வாங்கினால் போதும். இதுவும் கான்கிரீட்தானே, சுடாதா என்றால், சுடும். அதனால்தான் மேலே வெள்ளைத் தட்டோடு பதிக்க வேண்டும், இல்லையென்றால் இடைவெளி விட்டு ஷீட் போட வேண்டும். ஷீட்டை நன்றாகக் கட்டவும் வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் மாவட்டத்தில் ஷீட்டுகளை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலோரம் என்றால் உப்புக்காற்றில் முதலில் போவது திருகாணிதான், மலிவானதை வாங்கிவிட்டு அழக்கூடாது.

சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் திட்டத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்பு முறையில் கட்டி 2022-ல் திறந்தார்கள். அடுக்குமாடிக்கு அது சரி, அங்கே கிரேன் நிற்க இடம் உண்டு. கிராமத்தில் தனி வீட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது.

மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறார்கள், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. இத்தனை வீட்டுக்கும் ஆளாளுக்குச் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்காமல், ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு வார்ப்புக் களம் வைத்து, மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்தப் பலகைகளையும் உத்தரங்களையும் செய்து விற்றால் என்ன? முதலில் ஒரே ஒரு ஒன்றியத்தில் செய்து பார்க்கட்டும். செலவுக் கணக்கு வேண்டுமென்று எந்த அதிகாரியாவது கேட்டால், எங்கள் ஊர் விலைவாசியில் போட்டு அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர்,
சிதம்பரம்.