பொங்கல் பானையும் லோங்காங் மீனும்: நம் புளோக் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கின் அடுத்த பொங்கலுக்குப் பானை எத்தனை, கரும்பு எத்தனை கட்டு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கோடு இன்னொன்றையும் யோசிக்கச் சொல்லித்தான் இந்த மடல். பானைகளை எங்கே கழுவப்போகிறோம்?

போன பொங்கலன்று நானும் கடைசிவரை இருந்தேன். சர்க்கரைப் பொங்கல் பிரமாதம், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கூட்டம் கலைந்ததும் ஐந்து பெரிய பானைகளையும் கீழ்த்தளத்தின் ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போனோம். ஒருவர் ஹோஸ் பிடித்தார். இன்னொரு அண்ணன் 5 லிட்டர் கேனைத் திறந்து, பாத்திரம் கழுவும் பச்சைத் திரவத்தை மடமடவென்று கவிழ்த்தார். "நல்லா நுரை வரட்டும் தம்பி, அப்பத்தான் நெய் போகும்" என்றார். நானும் கம்பி நாரும் கையுமாக உட்கார்ந்து தேய்த்தேன், ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. நுரை நடைபாதையைத் தாண்டி, லோங்காங் என்று நாம் சொல்லும் கம்பி மூடி போட்ட கால்வாயில் இறங்கி, நெடுநேரம் அங்கேயே தங்கி நின்றது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் வலை போட்டுப் பிடிக்கும் கப்பி மீன்கள், லோங்காங் மீன் என்போமே, அவற்றில் ஏழெட்டு வயிறு மேலே தெரிய மிதந்தன. சோப்புதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் நான் பார்க்கும் வேலை அப்படி, சந்தேகம் வந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் புரதத்தையும் டிஎன்ஏவையும் பிரித்தெடுப்பது என் வேலை. அதற்கு நாங்கள் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று சோப்பின் உறவுக்காரன்தான். எஸ்டிஎஸ் என்பார்கள். வெள்ளைத் தூள், முகமூடி போடாமல் எடைபோட்டால் மூக்கில் ஏறித் தும்மல் நிற்காது. ஏர்கான் குளிரில் இரவு முழுக்க இருந்த கரைசல் காலையில் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் வைத்துத் தெளியவைப்பதில்தான் எனக்குப் பல நாள்கள் விடிகின்றன. இதே சரக்கு சோடியம் லாரில் சல்பேட் என்ற பெயரில் பற்பசையிலும் ஷாம்பூவிலும் இருக்கிறது.

இதன் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. வால்கள் நெய்க்குள் குத்திக்கொள்ளும், தலைகள் வெளியே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், நெய் பொடிப்பொடித் துளியாகிக் கழுவிய தண்ணீரோடு போய்விடும். பானைக்கு இது நல்லது. ஆனால் செல்லைச் சுற்றியிருக்கும் உறைக்கும் அடிப்படை கொழுப்புதான். கொரோனா காலத்தில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னார்களே, அந்தக் கிருமிக்கும் கொழுப்பு உறை இருப்பதுதான் காரணம். மீனின் செவுளும் மெல்லிய சவ்வுதான். நெய் எது, செவுள் எது என்று சோப்புக்கு வித்தியாசம் தெரியாது.

"அப்போ இயற்கைச் சோப்பு வாங்கிடலாமே" என்று ஓர் அக்கா கேட்டார். என் பாட்டி ஊரில் இலுப்பைப் பிண்ணாக்கு தேய்த்துத்தான் எண்ணெய் முழுக்கு முடிப்பார். அதிலுள்ள சபோனின் நுரைக்கும், எண்ணெயையும் எடுக்கும். மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்தில் இருக்கும் வேண்டாத மீன்களைக் கொல்லக் கரைத்துவிடுவதும் அதே இலுப்பைப் பிண்ணாக்குதான், அதே சபோனினுக்காகத்தான்.

கேனில் "மக்கும் தன்மை கொண்டது" என்று போட்டிருக்கிறதே என்றால், அது பொய்யில்லை. 1950களில் வந்த சலவைத்தூள்களின் மூலக்கூறுகளில் வால் கிளைகிளையாக இருந்தது. பாக்டீரியாவால் அதைத் தின்ன முடியாமல் ஐரோப்பா, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. 1960களில் நேரான வால் கொண்ட சரக்குக்கு மாறினார்கள். அதைப் பாக்டீரியா தின்னும், ஆனால் தின்பதற்கு நேரம் வேண்டும், பாக்டீரியாவும் ஏராளமாக வேண்டும். நம் கால்வாயில் இரண்டுமே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. சமையலறைத் தொட்டியிலும் குளியலறைத் தரையிலும் ஊற்றுவது கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை பூமிக்கடியில் 48 கிலோமீட்டர் சுரங்கமே இதற்காகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலையில் பாக்டீரியாக்கள் சோப்பை ஆற அமரத் தின்னும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்குதான் மேலும் வடிகட்டப்பட்டு நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீராகிறது. கீழ்த்தள ஓரத்துக் கால்வாய்க்கு இந்த வழியெல்லாம் கிடையாது. அது காலாங் ஆற்றில் சேர்கிறது, ஆறு மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. குழாயில் வருமுன் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கிறார்கள், நாம் பயப்பட வேண்டியதில்லை. மீன்களுக்குத்தான் அந்த வசதி இல்லை.

குழுவில் பெரியவர்கள் சிலர், "அந்தக் காலத்தில் எல்லாத்தையும் லோங்காங்லதானே கழுவினோம்" என்பார்கள். உண்மைதான். தோபி காட் என்ற இடத்தின் பெயரே அங்கே ஓடையில் துணி வெளுத்த நம்மவர்களால் வந்தது. அன்று அந்த ஓடை கடலுக்குப் போனது. 2008-ல் மரினா அணைக்கட்டு திறந்தபின் அதே தண்ணீர், இப்போது ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் என்ற பெயரில், நன்னீர் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. நம் பழக்கம் மட்டும் கடல் காலத்திலேயே நிற்கிறது.

அப்புறம், நுரைக் கணக்கு. எஸ்டிஎஸ் தண்ணீரில் லிட்டருக்கு 2.3 கிராம் அளவைத் தாண்டினால்தான் மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்து எண்ணெயை உள்ளே சுமக்க ஆரம்பிக்கும். அது அரைத் தேக்கரண்டி அளவுதான். எண்ணெய் அதிகமென்றால் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், ஆனால் கேனைக் கவிழ்க்கும் அளவுக்குப் போகாது. நெய்யை முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டால் அந்தக் கொஞ்சமும் மிச்சம்.

அடிப்பிடித்தது தனிக் கதை. அது கருகிய வெல்லம், அதில் சோப்பின் வால் பிடிப்பதற்கு எண்ணெயே இல்லை. அன்றைக்கு நாம் ஒரு மணி நேரம் தேய்த்தது முக்கால்வாசி வீண். வெந்நீரில் இரண்டு கைப்பிடி சமையல் சோடா போட்டு இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் மரக்கரண்டியாலேயே சுரண்டி எடுத்துவிடலாம். எவர்சில்வர் பானைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், அலுமினியப் பானை கறுத்துப்போகும்.

எங்கே கழுவுவது என்பதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. குப்பை மையத்தில் கழுவலாமா என்று முதலில் நினைத்தேன், பொங்கல் பானையை அங்கே கொண்டுபோனால் பெரியவர்கள் என்னை உரித்துவிடுவார்கள். அதனால் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். இரண்டாம் மாடிதான். லிஃப்டில் ஒரு நடைக்கு இரண்டு பானை கொள்ளும், அளந்து பார்த்துவிட்டேன். குளியலறையில் ஒரு நேரத்தில் ஒரு பானைதான் நுழையும், ஆகவே மற்றவை வாசலில் வரிசையில் நிற்கட்டும். சோடா என் செலவு. கம்பி நார் மட்டும் குழு வாங்கித் தரட்டும், போன தடவை வாங்கியது பாதியிலேயே உதிர்ந்துவிட்டது.

அன்புடன்,
இரண்டாம் மாடிக்காரன்