கரையில் நிற்பவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பணியிடத்தில் ஒருவர் நீரில் மூழ்கி இறந்த செய்திகளில் "நீச்சல் தெரியாதவர்" என்ற விவரம் தவறாமல் இடம்பெறுகிறது. குளிக்கப் போனவருக்கு அது பொருந்தலாம். மதகைப் பழுதுபார்ப்பவரோ படகுத்துறையில் கயிறு இழுப்பவரோ நீந்துவதற்காக அங்கே போகவில்லை. தடித்த உடையும் கனத்த காலணியும் இடுப்பில் கருவிகளுமாக, எதிர்பாராத நொடியில் அவர் விழுகிறார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்கும். அந்த மூச்சு நீருக்கடியில் நேர்ந்துவிட்டால் தேர்ந்த நீச்சல்காரரும் தப்புவது அரிது. அதைத் தாண்டினாலும், கடுங்குளிர் நீரில் 10 நிமிடங்களுக்குள்ளாகவே விரல்கள் கயிற்றைப் பற்றும் வலுவை இழந்துவிடக்கூடும்.

ஆகவே, லைஃப் ஜாக்கெட் படகில் ஏறுவோருக்கு மட்டுமே என்ற வழக்கத்தை நிர்வாகங்கள் கைவிட்டு, நீர்விளிம்பில் நிற்பவருக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். ஏதோ ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதும் என்பதும் சரியல்ல. 50 நியூட்டன் (விசையின் அலகு) மிதப்புத்திறன் உள்ள ஜாக்கெட், நினைவோடு நீந்தக்கூடியவருக்குத் துணைபுரியும், அவ்வளவுதான். அடிபட்டு மயங்கியவரை மல்லாத்தி முகத்தை நீருக்கு மேலே நிறுத்தவேண்டுமானால் 150 நியூட்டன் வகை வேண்டும், உடை மிகக் கனமாக இருந்தால் அதற்கும் மேலே வேண்டும். தொடையிடுக்குப் பட்டையைக் கட்டாவிட்டால், விழுந்ததும் ஜாக்கெட் மேலேறி முகத்தை மறைத்துவிடும். வேலையில் இடைஞ்சல் என்று முதலில் அவிழ்க்கப்படுவதோ அந்தப் பட்டைதான். வாயுவால் உப்பும் வகையில், வாயு அடைத்த சிறு உருளையின் திருகு நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால், அணியும் முன் அதை ஒருமுறை கையால் முறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டின் மேல் மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தானிட்டால், உப்பும்போது அது மார்பை இறுக்கும்.

விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது இவ்வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. மூழ்குபவரால் பல வேளைகளில் கூவியழைக்கவும் முடியாது. எனவே தனியாளை அனுப்பாமல், உடனிருப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் எறிகயிற்றுப் பை (எறிவதற்கான கயிறு வைத்த பை) இருப்பதை மேற்பார்வையாளர் உறுதிசெய்ய வேண்டும். கிடங்கில் பூட்டிவைத்த கயிற்றால் யாருக்கும் பயனில்லை. ஓடும் நீரில் கயிற்றை விழுந்தவரின் தலைக்கு அப்பால் விழும்படி எறிவதும், இழுக்கும்போது தாமே சரிந்துவிடாதபடி தாழ்ந்து உட்கார்ந்துகொள்வதும் பழகினால்தான் வரும் என்பதால், அதற்கான பயிற்சியை வேலைநேரத்துக்குள்ளேயே ஊதியத்துடன் அளிக்குமாறு ஒப்பந்தங்களில் எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்