விண்வெளித் தரவு: கணினியியல், புள்ளியியல், ஆவணவியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள்களும் தொலைநோக்கிகளும் அனுப்பும் தரவைச் சரிபார்த்து, பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்து, காப்பகத்தில் சேர்க்கும் வேலையில் இருப்பவர்களில் நானும் ஒருவன். இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்ய உங்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை. அதற்கான யோசனைகளைக் கேட்டுத்தான் இந்த மடல். விண்வெளி நம் துறை இல்லையே என்று தயங்காதீர்கள். துறைக்கு வெளியே இருப்பவர்களைத்தான் முக்கியமாகத் தேடுகிறேன்.

தரவு மலைபோலக் குவிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த செய்திதான். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் ஓர் இரவுக்குச் சுமார் 20 டெராபைட் எடுக்கும் வகையில் கட்டப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும்பிவரும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கிகள் ஆண்டுக்குச் சுமார் 700 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் ஆயிரம் டெராபைட்) சேர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் சேமிக்க இடம், கடத்த வேகமான இணைப்பு எல்லாம் செலவு பிடித்த விஷயங்கள்தான். ஆனாலும் வழி தெரிந்தவை. நாங்கள் வழி தெரியாமல் நிற்பது வேறிடத்தில். எதை வைத்துக்கொண்டோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதை இருபது முப்பது ஆண்டு கழித்து அந்தத் தரவைத் திறக்கப்போகும் ஒருவருக்கு எப்படிச் சொல்லிவைப்பது?

ஓசோன் ஓட்டையின் கதையை நினைத்துப் பாருங்கள். அண்டார்டிகாவில் ஹேலி நிலையத்தில் தரையில் வைத்த கருவியை நம்பி, ஜோசப் ஃபார்மனும் அவருடன் இருந்த இருவரும் 1985ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். நிம்பஸ் 7 செயற்கைக்கோள் 1978லிருந்தே மேலேயிருந்து ஓசோனை அளந்துகொண்டிருந்தது. அதன் அளவீடுகளிலும் அந்தச் சரிவு இருந்தது. ஆனால் மதிப்புகள் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக இருந்ததால் மென்பொருள் அவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று குறியிட்டு ஒதுக்கிவிட்டது. இதில் என் மனதில் தங்கியது ஒன்றுதான்: ஒதுக்கினார்களே தவிர, அழிக்கவில்லை. அதனால் திரும்ப எடுத்துப் பார்க்க முடிந்தது, ஓட்டையின் முழுப் பரப்பையும் வரைபடமாகக் காட்ட முடிந்தது.

இன்று அந்த ஒதுக்கும் வேலை விண்கலத்துக்குள்ளேயே நடக்கத் தொடங்கிவிட்டது. கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி தன் பிக்சல்களில் நூற்றுக்கு ஐந்தாறை மட்டுமே சேமித்துப் பூமிக்கு அனுப்பியது. 2020ல் ஏவப்பட்ட ஃபைசாட் 1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள், மேகம் மூடிய படங்களை மேலேயே செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடித்து விட்டுவிட முடியுமா என்று சோதித்துப் பார்த்தது. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்தபோது எடுத்ததை முழுக்க அனுப்பிமுடிக்க 2016 அக்டோபர் வரை ஆனது. அவ்வளவு குறுகலான பாதை அது. தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் மேலே விட்ட தரவை ஒதுக்கிவைக்க இடமில்லை, அது போனால் போனதுதான்.

புள்ளியியல் தெரிந்தவர்களை இங்கேதான் கெஞ்சிக் கேட்கிறேன். விடும் தரவிலிருந்து ஒரு சிறு பகுதியைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல எடுத்து எப்போதும் கூடவே அனுப்பினால் என்ன? எவ்வளவு அனுப்பினால் போதும்? நாம் இதுவரை பெயர்கூட வைக்காத ஓர் அபூர்வ நிகழ்வு அதில் சிக்குவதற்கான வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது? வடிகட்டும் மாடல் ஒரே வகைப் படங்களை மட்டும் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறது என்றால் அந்தச் சிறு பகுதியை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? மருந்துச் சோதனையிலும் தொழிற்சாலைத் தரச்சோதனையிலும் உங்களுக்குப் பழகிப்போன கேள்விகள்தாம் இவை. எங்கள் பக்கம் வந்து சேர்ந்து யோசிக்க ஆள் குறைவு.

பழைய தரவு என்ன தரும் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி 2001ல் பதிவுசெய்ததை 2007ல் மறுபடி அலசியபோதுதான் முதல் வேக ரேடியோ வெடிப்பு, அதாவது தொலைவிலிருந்து சில மில்லிவிநாடி மட்டும் வரும் ரேடியோ துடிப்பு, கிடைத்தது. கலிலியோ விண்கலம் 1997ல் வியாழனின் நிலவான யுரோப்பாவை நெருங்கிக் கடந்தபோது எடுத்த அளவீடுகளில், அந்த நிலவிலிருந்து நீர் பீறிட்டதற்கான தடயம் இருப்பதை 2018ல் கண்டார்கள். மெகல்லன் விண்கலம் 1991ல் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, வெள்ளியில் ஓர் எரிமலை வாய் உருமாறியிருப்பதை 2023ல் அறிவித்தார்கள். மெகல்லன் 1994லேயே வெள்ளியின் வளிமண்டலத்தில் முடிந்துபோனது. கலிலியோ 2003ல் வியாழனுக்குள் விழுந்தது. கருவி போய்ப் பல ஆண்டு கழித்து வந்த கேள்விகளுக்குக் காப்பகம் பதில் சொல்லியிருக்கிறது.

சொல்ல முடியாமல் போனதும் உண்டு. அப்போலோ 11 நிலவு நடையின் மூலப் பதிவு நாடாக்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கும் என்று 2009ல் நாசாவே தெரிவித்தது. 1966, 67ல் நிலவைப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் நாடாக்கள் பிழைத்தன. ஆனால் அவற்றை ஓட்டும் ஆம்பெக்ஸ் இயந்திரங்கள் உலகில் அரிதாகிவிட்டன. நான்சி எவன்ஸ் என்ற காப்பாளர் சில இயந்திரங்களைத் தன் வீட்டிலேயே பல ஆண்டு வைத்துக் காத்திராவிட்டால், 2008ல் அந்தப் படங்கள் மறுபடி உயிர்பெற்றிருக்காது. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு தனிமனுஷியின் பிடிவாதத்தில் நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

நாடா, இயந்திரம் எல்லாம் பத்திரமாக இருந்தாலும், இந்த எண் எந்த அலகில் இருக்கிறது, எந்தக் கடிகாரப்படி, எந்தத் திருத்தத்துக்குப் பின் வந்தது என்ற விவரம் வேண்டும். ஜி.பி.எஸ். நேரம் இன்று உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தி ஓடுகிறது. தாழ்சுற்றுச் செயற்கைக்கோள் ஒன்றுக்கு நேர் கீழே உள்ள புள்ளி தரையில் விநாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நகரும். ஒரு கோப்பின் நேரத்தை மற்றதாக நினைத்து வாசித்தால் படம் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழும். 1999ல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலம் தொலைந்ததும், ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்ததை மற்றது நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டதால்தான். வானியல் தரவுக்கான ஃபிட்ஸ் கோப்பு வடிவம் 1981லிருந்து இருக்கிறது, அலகைக் குறிக்க அதில் இடமும் இருக்கிறது. ஆனால் நிரப்ப வேண்டியவர் மனிதர், அவருக்கு அவசரம்.

ஆவணவியல், மென்பொருள் பொறியியல் ஆய்வாளர்களோடு செய்ய விரும்புவது ஒரு சோதனை. ஏற்கெனவே வெளியான கட்டுரை ஒன்றின் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அந்தத் திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் காப்பகத்தில் உள்ளதை மட்டும் கொடுத்து, யாரையும் கேட்காமல் அதை மறுபடி உருவாக்கச் சொல்வோம். அவர் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறாரோ அங்கெல்லாம் எங்கள் ஆவணத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். இதை எல்லாக் காப்பகங்களும் செய்துபார்க்கக்கூடிய, ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடிய அளவுகோலாக மாற்றுவது எப்படி? கருவித் திருத்தம் மாறும்போதெல்லாம் பழைய எண்கள் மாறுமே, அந்த வரலாற்றை ஆட்கள் கையால் எழுதாமல் மென்பொருளே பதிந்துகொண்டு போக முடியுமா?

வெளியாட்கள் என்ன செய்துவிட முடியும் என்று யாராவது கேட்டால் நான் 2019ஐச் சொல்வேன். நிலவில் விழுந்த இந்தியாவின் விக்ரம் தரையிறங்கியின் சிதைவை, நாசா பொதுவில் வைத்த நிலவுப் படங்களைப் பார்த்து முதலில் அடையாளம் கண்டவர் சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர். படங்கள் திறந்திருந்தன, எடுத்த இடமும் நேரமும் தெளிவாக இருந்தன. அவர் பொறுமையாகப் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டார். நாசா சரிபார்த்து அவருக்கே அந்தப் பெருமையைக் கொடுத்தது.

சரி, எப்படி எழுதுவது? நீளமான திட்டவரைவு வேண்டாம், ஒரு பக்கம் போதும். உங்கள் துறையில் எந்த முறை நன்றாக வேலை செய்கிறது, அது எங்கள் எந்தச் சிக்கலுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறீர்கள், எந்தப் பொதுத் தரவில் முதலில் முயன்று பார்க்கலாம் என்பது மட்டும் இருக்கட்டும். விடை இல்லாமல் கேள்வி மட்டும் இருந்தாலும் அனுப்புங்கள். மாணவர்களும் எழுதலாம். யோசனை யாருடையதோ அவர் பெயர் ஆய்வின் முதல் நாளிலிருந்தே அதில் இருக்கும். சேர்ந்து செய்தது தோற்றுப்போனாலும் அதை வெளியிடுவோம் என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்தவர் அதே சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட முடியாது. விடப்படும் தரவிலிருந்து மாதிரி எடுக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். ஆவணம் குறைந்தால் பின்னால் கொஞ்சமாவது தேடிச் சேர்க்கலாம், விண்கலம் விட்டதைச் சேர்க்க முடியாது. அதைப் பற்றி உங்களிடம் ஏதாவது இருந்தால் மற்றதற்கு முன் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
விண்வெளித் தரவோடு வேலை செய்யும் ஒருவன்