டம்ஃப்ரீஸிலிருந்து அம்மாவுக்கு

டம்ஃப்ரீஸ், ஸ்காட்லாந்து
நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். வயலில் அக்காக்களின் பங்கை விடுவித்து வாங்கலாமா என்று கேட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாதது என் தவறுதான், மன்னியுங்கள். இரவுப் பணி தொடர்ந்து வந்துவிட்டது. மற்றபடி குறையொன்றும் இல்லை. குளிரும் பழகிவிட்டது. ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு கம்பளிக்குள் படுத்தால் போதுமாக இருக்கிறது.

போன ஞாயிறன்று எதிர்வீட்டுப் பாட்டி உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி கொடுத்து, நியூ அபி என்ற பக்கத்து ஊருக்குத் தம் காரில் அழைத்துப் போனார். அங்கே கூரையிழந்து நிற்கும் சிவப்புக் கல் மடாலயத்தை 1273இல் நிறுவியவர் டெர்வோர்கில்லா சீமாட்டி.

இந்தச் சீமையை முன்பு ஆண்டவர்கள் கேலோவே பிரபுக்கள். ஸ்காட்லாந்து மன்னருக்கே எளிதில் அடங்காத அந்தக் குடும்பத்தைச் சொந்தப் பகையே அரித்தது. 1174இல் உட்ரெட் என்பவரின் கண்களைப் பறித்துக் கொன்றது அவருடைய உடன்பிறந்தான் மகன். உட்ரெட்டின் பேரன் ஆலன் 1234இல் இறந்தபோது இருந்தது மூன்று பெண்களும், மணவாழ்வுக்கு வெளியே பிறந்த தாமஸ் என்ற மகனும். நிலத்தைத் துண்டாக்காமல் தாமஸே ஆளட்டும் என்று ஊரார் விரும்பியும், மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் மறுத்து மூன்று பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். கிளர்ந்தெழுந்து தோற்ற தாமஸ் சுமார் 60 ஆண்டுகள் சிறையில் கிடந்து, 1296இல்தான் கிழவராக வெளியே வந்தார். பெண்களுக்குப் பங்கு கொடுத்தது நியாயம். ஒருவனின் வாழ்நாளையே பூட்டி வைத்தது கொடுமை.

அந்த மூவரில் ஒருவர்தான் டெர்வோர்கில்லா. கணவர் ஜான் பேலியல் 1268இல் இறந்ததும், அவருடைய இதயத்தைப் பதப்படுத்தித் தந்தப் பேழையில் வைத்துப் போகுமிடமெல்லாம் கொண்டுபோனாராம். சாப்பிடும்போது பேழைக்கும் ஒரு பங்கு உணவு படைத்து, பிறகு அதை ஏழைகளுக்குக் கொடுப்பாராம். பாட்டி இதைச் சொன்னபோது, அப்பா போன பிறகு முதல் பிடி சோற்றை மதில்மேல் வைத்துக் காக்கை வரும்வரை நீங்கள் பட்டினியாக நிற்பது கண்ணெதிரே வந்தது. மழையில் நனைந்த அந்த மடாலயச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன் அம்மா. பாட்டி எதுவும் கேட்கவில்லை. அவரும் கணவரை இழந்தவர்.

இனி வயல் விஷயம். இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் அண்ணன் கோபப்பட வேண்டாம். அக்காக்கள் இருவரிடமும், பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அப்பாவின் கிணற்றடி வயலில் அவர்களுக்கும் நம்மைப் போலவே பாத்தியதை உண்டு. வக்கீலிடம் சொல்லி முறையான பாகப்பிரிவினைப் பத்திரமே எழுதச் சொல்லுங்கள். என் பங்கு வழியாக அண்ணனுக்கு வண்டிப்பாதை விடவும், கிணற்று முறையில் எனக்குரிய நாளை அவருக்கே கொடுக்கவும் எனக்குச் சம்மதம். சின்னக்கா தைப்பொங்கலுக்கு வரும்போது எல்லோரும் கூடி அளந்துவிடலாம்.

இந்த மாதப் பணம் 20ஆம் தேதிக்கு மேல்தான் வரும். உங்கள் கண் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்