லாங்வுட் சோலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போன அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

போன பங்குனியில் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் நீங்கள் கூட்டிப்போன பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா நான். கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்தோம். நடை முடிந்து கிளம்பும்போது, "ஒரு காட்டுமாடுகூடக் கண்ணில் படலையே" என்று பெற்றோர் இரண்டு பேர் குறைப்பட்டார்கள். "மன்னிச்சுக்குங்க சார், இன்னைக்கு அமையலை" என்றீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

தேயிலைத் தோட்டத்து ரோட்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார்கள். சோலைக்குள் கொஞ்ச தூரம் போனதும் ஒவ்வொருவராகத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் மாட்டி முடிக்கும்வரை நின்றீர்கள். அப்போதே உங்களைப் பிடித்துவிட்டது.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2024-இல் இந்தச் சோலையையும் சேர்த்தார்கள் என்று நீங்கள் சொன்னதும், "இது காடுதானே, தண்ணியே காணோமே?" என்று கேட்டது என் மகள்தான். சரியான கேள்வி. 116 ஹெக்டேர் சோலை, நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் பாசி படிந்த மரங்கள் மட்டும்தான். நீங்கள் பதில் சொல்லாமல் அவளை முட்டி போட வைத்தீர்கள்.

மேலே கிடந்த சருகு முழு இலையாக, காய்ந்து நொறுங்கியது. அதை விலக்கினால் நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், வலை மாதிரி. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து அதன் வழியாக உங்கள் முகத்தைப் பார்த்தாள். அதற்கும் கீழே இலையா மண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாத கருப்பு. ஒரு பிடி அள்ளிப் பிழியச் சொன்னீர்கள். விரல் இடுக்கில் ஈரம் கசிந்தது. "மழை எப்ப நின்னுச்சு?" என்று கேட்டீர்கள். யாருக்கும் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து மூன்று மாதம் ஆகிறது என்று சொல்லிவிட்டு, கீழே ஓடைச் சத்தத்தைக் கேட்கச் சொன்னீர்கள். அப்புறம் அள்ளிய மண்ணை அதே குழியில் போட்டுச் சருகால் மூட வைத்தீர்கள்.

"மரம் பூத்திருக்கு!" என்று ஒரு பையன் கத்தினானே, அதையும் சொல்ல வேண்டும். பூ இல்லை, நாவல் இனத்து மரம் ஒன்று தலை முழுக்கச் செக்கச்செவேலென்று கொழுந்து விட்டிருந்தது. கீழே விழுந்து கிடந்த கொழுந்து ஒன்றையும் முற்றிய இலை ஒன்றையும் அவன் கையில் கொடுத்தீர்கள். கொழுந்து ஈரத்துணி மாதிரி துவண்டது, முற்றியது மடித்ததும் பட்டென்று ஒடிந்தது. இலை தடிக்கும்வரை மரம் பச்சையத்தை முழுசாகச் சேர்ப்பதில்லை, பிஞ்சிலேயே புழு தின்றாலும் நட்டம் கம்மி என்றீர்கள். எனக்கு நாற்பது வயது, இதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை. புதருக்குள் நீலகிரி சிரிப்பான் குருவி அந்த நேரம் பார்த்துக் கலகலவென்று சிரித்தது. ஆளைக் காட்டவில்லை.

முன்பு வேறொரு மலையில் இப்படி ஒரு நடைக்குப் போனோம். நாற்பது பிள்ளைகள், கையில் ஒலிபெருக்கி. மகள் முப்பது பெயர்களை எழுதிக்கொண்டு வந்தாள், ஒன்றும் நினைவில் இல்லை.

அதனால் அண்ணா, கூட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிருகம் காட்டச் சொல்லி யாராவது கேட்டால், சோலை இதுதான் என்று தைரியமாகச் சொல்லுங்கள். தயவுசெய்து மன்னிப்புக் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டு வேம்பு இப்போது இலை கொட்டுகிறது. வாசலில் கூட்டிய சருகை எரிக்க விடமாட்டேன் என்று மகள் மரத்தடியிலேயே குவித்து வைத்திருக்கிறாள். தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் கையை விட்டுப் பார்க்கிறாள். இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. எத்தனை நாள் ஆகும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் தங்கை