மற்றப் புத்தகங்களையும் பாருங்கள்: மன்ற நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நம் இளைஞர் மன்ற நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவினருக்கு,

வணக்கம். போன கூட்டத்துக்கு நான் கொடுத்தனுப்பிய பட்டியலில் சனிக்கிழமை நாங்கள் ஆடும் விளையாட்டுக்கான 6 புத்தகங்கள் இருந்தன, முதலில் விதிகளுள்ள மூல நூல், பிறகு அதற்குத் துணைநூல்கள் 5. முதல் பெயருக்கு நேராகச் சரி போட்டுவிட்டு மற்ற 5-ஐயும் சிவப்பு மையால் அடித்திருந்தீர்கள். ஓரத்தில் ஒரு வரி: "ஒரு விளையாட்டுக்கு ஒரு புத்தகம் போதாதா?" கேட்க வேண்டிய கேள்விதான். கேரம் பலகை வாங்கினால் காய்களும் கூடவே வந்துவிடுகின்றன, அதற்கு மேல் யாரும் பணம் கேட்பதில்லை. அன்றைக்கு ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட், கூட்டத்துக்கு வர முடியவில்லை. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை மன்றத்தின் பின்கட்டு மேசையில் நாங்கள் ஆடுவது டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு. அமெரிக்காவில் மார்க் மில்லர் என்பவர் எழுதி 1977-இல் 3 சிறு கறுப்புப் புத்தகங்களாக வந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதைமாந்தர். ஒருவர் நடுவர், அது நான். "கப்பல் இறங்கிவிட்டது, வாசலில் காவலாளி நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் 2 பகடையை உருட்டி, 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காரியம் நடந்தது. விதி என்று பார்த்தால் அவ்வளவுதான். அதனால்தான் ஒரு புத்தகம் போதும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

விதிக்கு ஒன்று போதும். ஆனால் அந்தக் காவலாளி யார், அவன் பின்னால் உள்ள கிடங்கில் என்ன இருக்கிறது, இந்தப் பிள்ளைகளை யார் எதற்காக அங்கே அனுப்பினார்கள், இதெல்லாம் வாரா வாரம் யாராவது யோசித்து வைக்க வேண்டும். 12 மணி நேரம் பாய்லர் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அதற்கு மூளை மிச்சம் இருக்காது. இரண்டு சனிக்கிழமை நான் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் 7 பேரில் 3 பேர்தான் வந்தார்கள். அடுப்பு மட்டும் இருந்து அரிசி இல்லாத வீட்டில் யார் பந்திக்கு உட்காருவார்கள்? துணைநூல் என்பது அந்த அரிசி.

நீங்கள் அடித்த பட்டியலில் முதலில் இருந்தது '76 பேட்ரன்ஸ்', 1980-இல் வந்தது. வேலை கொடுக்க வரும் 76 ஆட்கள், ஆளுக்குச் சில வரிகள். என்ன திறமை வேண்டும், ஆடுகிறவர்களிடம் அந்த ஆள் என்ன சொல்கிறார், இவ்வளவு முதலில். அதன் கீழே நடுவருக்கு மட்டும் உண்மை நிலவரம். அந்த உண்மை ஒன்றல்ல, எண் போட்டுப் பல. பகடை விழுகிற எண்ணைப் பொறுத்து அந்த ஆள் யோக்கியராகவும் இருக்கலாம், புளுகராகவும் இருக்கலாம், தானே ஏமாந்துபோனவராகவும் இருக்கலாம். ஒரே பக்கத்தை இரண்டு முறை ஆடினால் இரண்டு கதை. நண்பர் ஒருவரின் பிரதியை ஒரு மாதம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அந்த மாதம் முழுக்க 7 பேரும் வந்தார்கள்.

வந்தது மட்டுமில்லை, எழுதத் தொடங்கினார்கள். இடைநிலைப் பள்ளியில் படிவம் 2 படிக்கும் ஒரு பெண்பிள்ளை, அவள் தாத்தா வாழ்ந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனை மரங்களுக்கு, நடுவில் நிற்கிறது. அவள் எழுதிய ஆள் ஒரு கோயில் தலைவர். "எங்கள் உலகத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அம்மனைக் கப்பலில் ஏற்றி அடுத்த நட்சத்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கரகமும் உடுக்கையும் கூட வரும். கூலி கொஞ்சம்தான் தர முடியும்." அதற்குக் கீழே 6 உண்மைகள். ஒன்றில் தலைவர் சொல்வது முழுக்க நிஜம். இன்னொன்றில் ஊரில் பாதிப் பேருக்கு அம்மன் போவதில் சம்மதமில்லை, கப்பல் புறப்படும் நேரத்தில் மறியல். நான்காவது என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது: சிலையைத் தூக்கியதும் அடியில் ஒரு தகரப் பெட்டி, அதில் 100 வருடத்துப் பிறப்புப் பத்திரங்கள், அந்த மண்ணில் பிறந்தவர்கள் யார் யார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

இது புத்தகத்தில் இல்லை. ஆனால் புத்தகம் இல்லாமல் இது வந்திருக்காது. ஒரு ஆளை எப்படி நாலு வரியில் நிறுத்துவது, ஒரே சொல்லுக்குப் பின்னால் ஆறு விதமான நிஜம் எப்படி இருக்க முடியும் என்பதை அவள் அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டாள். கட்டுரைப் பாடத்தில் அரைப் பக்கம் எழுத முனகுகிறவள் இங்கே இரண்டு பக்கம் எழுதினாள், தமிழில்.

இரண்டாவது, 'சிட்டிசன்ஸ் ஆஃப் தி இம்பீரியம்', 1979. இது ஏன் வேண்டும் என்று சொல்ல ஆட்டம் எப்படித் தொடங்குகிறது என்று சொல்ல வேண்டும். கதைமாந்தரை உருவாக்கும்போதே அவர் பாதி வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிடுகிறார். 18 வயதில் ஒரு வேலையில் சேருகிறார். 4 ஆண்டுக்கு ஒரு தரம் பகடை: பிழைத்தாரா, பதவி உயர்வு கிடைத்ததா, என்ன கற்றுக்கொண்டார்? பழைய விதியில் பகடை மோசமாக விழுந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் செத்துப்போவார். பிள்ளைகளுக்கு இதுதான் உயிர், மேசையே கத்தும். ஆனால் முதல் நூலில் இருக்கும் வேலைகள் 6 மட்டுமே: கடற்படை போல ஒரு விண்படை, அதன் சிப்பாய்கள், தரைப்படை, வேவுக்காரர், வணிகர், ஆறாவதாக 'மற்றவர்'. "இது பாரத்தில் இருக்கிற லாயின்-லாயின் கட்டம் மாதிரி இருக்கே அங்கிள்" என்றான் ஒரு பையன். படிவங்களில் இனத்துக்கு மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று போட்டுவிட்டு மிச்சப் பேருக்கு 'லாயின்-லாயின்', மலாயில் 'மற்றவர்', என்று ஒரே பெட்டி, அதைச் சொன்னான். ஒருத்தி டாக்டராக வேண்டும் என்றாள், இல்லை. ஒருவன் விஞ்ஞானி என்றான், அதுவும் இல்லை.

அந்தத் துணைநூல் இன்னும் 12 வேலைகளைக் கொடுக்கிறது. டாக்டர் உண்டு, விஞ்ஞானி உண்டு, வேட்டைக்காரர், தூதர், கடலோடி, விண்கற்களில் கனிமம் தோண்டுகிறவர், அலுவலக அதிகாரி எல்லாம் உண்டு. அந்த அதிகாரியை எங்கள் மேசையில், தோட்டத்து ஆபீஸ் எழுத்தரைச் சொல்வதுபோல, கிராணி என்றுதான் கூப்பிடுகிறோம். என்ன ஆகலாம் என்று ஒரு பிள்ளை பட்டியலைப் பார்க்கும்போது தான் நினைத்தது அதில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு 'மற்றவர்' என்ற பெட்டியைக் கொடுத்துப் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, 'டிரேடர்ஸ் அண்ட் கன்போட்ஸ்', 1980. கப்பல்களின் தள வரைபடங்கள். அறை எங்கே, சரக்குக் கிடங்கு எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கட்டம் போட்டு வரைந்திருக்கும். முதல் நூலில் கப்பலின் எடையும் விலையும் இருக்கும், படம் இருக்காது. எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது 200 டன் வணிகக் கப்பல், விலை 3 கோடியே 70 லட்சத்துச் சொச்சம் கிரெடிட், அதுதான் விளையாட்டில் பணம். ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், அப்புறம் மாதம் 1,54,500 என்று 480 மாதம் கட்ட வேண்டும். 40 வருடக் கடன்! வீட்டுக் கடன் கட்டும் அப்பா அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கடனை அடைக்க எந்தச் சரக்கை எங்கே ஏற்றலாம் என்று அவர்களே தாளில் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கப்பலுக்குள் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று மட்டும் தெரியாமல், நான் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கிறுக்குகிறேன்.

அதே நூலில் இன்னொரு கப்பல் இருக்கிறது, தபால் படகு. இந்த விளையாட்டில் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அதே ஒரு வாரம். கப்பலை முந்திக்கொண்டு செய்தி போகாது. வானொலி, தொலைபேசி எதுவும் அந்தத் தூரத்துக்கு உதவாது. ஆகவே தபாலுக்கென்றே சிறு படகு. உள்ளே ஒரே ஒரு ஓட்டுநர். போய்ச் சேர்ந்த இடத்தில் நகரக்கூட அதற்கு எஞ்சின் கிடையாது, தாய்க்கப்பல் வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பையிலிருக்கும் செய்தி உடனே அடுத்த படகுக்கு மாறிவிடும்.

இதை நான் விளக்கிய அன்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கைப்பேசியில் நொடியில் மதுரைக்குப் பேசுகிறவர்கள். அதனால் என் பாட்டி கதையைச் சொன்னேன். ரஜூலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியவர். ஊரில் அவர் அப்பா இறந்த சேதி கப்பல் தபாலில் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, கிராணி படித்துச் சொன்னபோது, அங்கே கருமாதியே முடிந்திருந்தது. பாட்டி அன்றைக்குத்தான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மேசை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் ஒரு பையன், "அப்ப நம்ம கப்பல்லயும் யாருக்காவது அப்படி ஒரு தபால் இருக்கும்ல அங்கிள்?" என்றான். அன்றைக்கு அவர்கள் சரக்கு ஏற்றவில்லை. எடுத்துப்போகிற தபால் பையை யார் யாருக்கு என்று பிரித்துப் பெயர் எழுதினார்கள். இதற்கெல்லாம் காரணம் அந்த நூலையும் இரவல் வாங்கி நான் அன்றைக்குக் காட்டிய ஒரு சிறிய படகின் படம்.

எல்லாத் துணைநூலையும் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்ததில் நீங்கள் அடித்த 5-இல் 2 சரியாகவே அடிக்கப்பட்டிருக்கின்றன. கூலிப்படை பற்றிய 'மெர்சினரி' பெரும்பாலும் ஆயுதமும் போரும். எங்கள் மேசையில் யாரும் அதைத் தேடவில்லை. 'ஸ்பின்வார்ட் மார்ச்சஸ்' ஒரு முழு விண்பகுதியின் வரைபடம், நூற்றுக்கணக்கான உலகங்களுக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. நன்றாகச் செய்த நூல்தான். ஆனால் 1977-இல் வந்த மூல நூல்களில் இப்படி ஒரு ஆயத்த உலகம் கிடையாது, நடுவரே பகடை உருட்டி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சுகத்தைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஆயத்த உலகம் வந்துவிட்டால், "புத்தகத்தில் அப்படி இல்லையே" என்று ஒருவரையொருவர் திருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

உலகத்தை உருட்டுவது எப்படி என்று ஒரு சின்ன உதாரணம். ஒவ்வொரு உலகத்துக்கும் வரிசையாகச் சில எண்கள்: துறைமுகம், அளவு, காற்று, நீர், மக்கள் தொகை, அரசு, சட்டம், தொழில்நுட்பம். பிள்ளைகள் நம் ஊருக்கே எழுதிப் பார்த்தார்கள். மக்கள் தொகைக்கு 4, அதாவது பத்தாயிரக் கணக்கில். காற்றுக்கு முதலில் 6 போட்டார்கள், நல்ல காற்று. பிறகு ஒருத்தி அழித்து 7 போட்டாள், சுவாசிக்கலாம் ஆனால் கெட்டது கலந்திருக்கிறது, வடிகட்டி முகமூடி வேண்டும். புகைமூட்டக் காலத்தை நினைத்துப் போட்டிருக்கிறாள்.

விலங்குகளுக்கு என்று உள்ள துணைநூல் என்னிடமே இருக்கிறது, சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழைய புத்தகமாக வாங்கியது. நிலத்துக்கு ஒரு அட்டவணை, பகடை எண்ணுக்கு ஒரு விலங்கு. அதைப் பார்த்து அவர்கள் செம்பனைக் காட்டுக்கு ஒன்று போட்டார்கள். 7-க்கு எலி. இரண்டு பகடை விழக்கூடிய 36 வகையில் 6 வகை 7 ஆகிறது, 2 விழ ஒரே வழி, 12-க்கும் அப்படியே. அதனால் 2-க்கு மலைப்பாம்பு, 12-க்கு எலி பிடிக்கத் தோட்டத்தில் பெட்டி வைத்து வளர்க்கிற கூகை. நிகழ்தகவை நான் பாடமாகச் சொல்லித் தரவில்லை. எது எவ்வளவு அரிதாகக் கண்ணில் படும் என்பது அவர்களுக்கே தெரியும், அதற்கேற்ற எண்ணைத் தேடிப்போனார்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. மூல நூலோடு நான் மேலே சொன்ன 3 துணைநூல்களையும் வாங்குங்கள். பழைய பதிப்பு கிடைக்காவிட்டால் மோங்கூஸ் பதிப்பகம் 2008 முதல் வெளியிட்டு வரும் புதிய பதிப்பில் இதே வேலையைச் செய்யும் நூல்களைப் பார்த்துச் சொல்கிறேன். இந்த ஆண்டுக்கு ஒன்றுதான் முடியும் என்றால் '76 பேட்ரன்ஸ்' மட்டும் போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், வாங்கிய பிறகு கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். சாவி செயலாளர் அக்காவிடம் இருக்கும், அவர் சனிக்கிழமை இருக்கமாட்டார். அட்டை போட்டுத் தருவதும், கிழிந்தால் ஒட்டுவதும் என் பொறுப்பு.

அம்மனை ஏற்றிய கப்பல் இன்னும் புறப்படவில்லை. நான் பகல் ஷிப்டுக்கு மாறியதால் இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. அந்தப் பெண் எழுதிய 6 உண்மைகளில் எது நிஜம் என்று தீர்மானிக்கும் பகடையை நான் உருட்டவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை 5 மணிக்குக் குழுவிலிருந்து யாராவது வந்தால், அதை உங்கள் கையால் உருட்டச் சொல்வதாகப் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை மேசையின் நடுவர்