கார்டு கமிஷனை லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்டு வாங்காத சிறு கடைக்காரர் என்றாலே பழைய காலத்து ஆள், இல்லாவிட்டால் வரியை மறைக்கிறவர் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. இன்னொரு பக்கம், கார்டு மெஷின் வைத்தால் விற்பனை தானாக ஏறிவிடும் என்று அறிவுரை சொல்கிறவர்கள். இரண்டு தரப்புமே உட்கார்ந்து கணக்குப் போட்ட மாதிரி தெரியவில்லை. நான் சில வருடங்களாகக் கார்டு வாங்கி வருகிற சிறு வியாபாரி, இனியும் வாங்குவேன். ஆனால் அதற்கு என்ன செலவாகிறது என்பதை நான் கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றுக்கொண்டேன், அடுத்தவருக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மெஷின் கொடுக்க வருகிறவர் "கமிஷன் வெறும் 2 சதவீதம்தான்" என்பார். கேட்கச் சின்னதாக இருக்கும். அதை மொத்த விற்பனையில் பிடிக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. 100க்கு விற்றால் சரக்கு விலை போக 10 நிற்கிற தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் அந்த 10-லிருந்துதான் போக வேண்டும், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கமிஷன் முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. ரொக்கம் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் கார்டுக்கு மாறிவிட்டார்கள், புதிதாக ஒருவரும் வரவில்லை என்றால், பழைய மிச்சத்தைப் பார்க்கவே விற்பனை 25 சதவீதம் ஏற வேண்டும். இதே 100க்கு 40 நிற்கிற தொழிலாக இருந்தால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினால் போதும். அப்புறம் எப்படி எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியும்? பில்லில் விற்பனை வரியும் சேர்ந்திருந்தால், நம் கைக்கு வந்து அரசுக்குப் போகிற அந்தப் பணத்துக்கும் நாம்தான் கமிஷன் கட்டுகிறோம்.

சில ஒப்பந்தங்களில் சதவீதத்தோடு ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நிலையான தொகையும் உண்டு. 2 சதவீதமும் பில்லுக்கு 3-ம் என்று வைத்தால், 1000-க்கான பில்லில் 23 போகும், அது 2.3 சதவீதம். 50-க்கான பில்லில் 4 போகும், அது 8 சதவீதம்! சின்னச் சின்ன பில்லாகப் போடுகிறவர்கள் சதவீதத்தை விட்டுவிட்டு இந்தத் தொகையைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமாகப் பெரும்பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு, ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்கு, மீதி நமக்கு மெஷின் கொடுத்த நிறுவனத்துக்கு. நாம் பேரம் பேச முடிவது இந்தக் கடைசிப் பங்கில்தான். வாடிக்கையாளருக்குப் பாயிண்ட், கேஷ்பேக் என்று கொடுக்கிற கார்டுகளுக்குப் பல இடங்களில் கமிஷன் கூடுதல், அந்தப் பரிசுக்கான பணத்தில் ஒரு பகுதி நம் கல்லாவிலிருந்து போகிறது. இதெல்லாம் மாற்ற முடியாத கட்டணம் என்று நினைக்கவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ல் சட்டம் போட்டு, வங்கிக்குப் போகும் அந்தப் பங்கைத் தனிநபர் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம், டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம் என்று கட்டிப்போட்டார்கள்.

கமிஷனைவிட எனக்கு வலித்தது சார்ஜ்பேக். பொருளை வாங்கிப்போனவர் பல வாரம் கழித்து "நான் வாங்கவில்லை" என்று தன் வங்கியில் சொல்லிவிட்டால், நம் கணக்கிலிருந்து பணத்தை முதலில் எடுத்துவிட்டுத்தான் விசாரிக்கிறார்கள். பில், டெலிவரி ரசீது, பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும், ஒரு நாள் தவறினாலும் போச்சு. தகராறுக்கென்று தனிக் கட்டணம் வேறு, அது நாம் ஜெயித்தாலும் பல ஒப்பந்தங்களில் திரும்ப வராது. கார்டைச் செருகிப் பின் நம்பர் போட்டு வாங்கிய பணத்தில் இந்தத் தொல்லை குறைவு, போனில் கார்டு நம்பர் கேட்டு வாங்கினாலோ இணையத்தில் வாங்கினாலோ மோசடிக்கான நஷ்டம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். நான் போனில் நம்பர் வாங்குவதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

என்னுடைய முதல் மெஷினை மாத வாடகைக்கு எடுத்தேன். பேரைச் சொல்ல விரும்பவில்லை, பல நிறுவனங்களின் ஒப்பந்தத் தாளும் இதே மாதிரிதான். வியாபாரம் படுத்த மாதங்களிலும் குறைந்தபட்சக் கட்டணம் ஓடிக்கொண்டே இருந்தது, திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் காலக்கெடு முடியும் வரை விடமாட்டோம், விட்டால் அபராதம் என்று காட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளில் பொடி எழுத்தில் அது இருந்தது உண்மை. வந்து பேசியவர் அதை வாயே திறக்கவில்லை என்பதும் உண்மை.

சரி, ரொக்கம் மட்டும் சும்மா வருகிறதா? சில்லறை தேட வேண்டும், ராத்திரி எண்ண வேண்டும், வங்கிக்கு நடக்க வேண்டும், கள்ளநோட்டு வரும், கல்லாவில் குறையும். நம் நேரத்துக்கு நாமே விலை போடாததால் அது செலவாகத் தெரிவதில்லை. கடன் சொல்லி வாங்குகிற வாடிக்கையாளர்கள் இருக்கிற தொழிலில் கிரெடிட் கார்டு செய்கிற உதவி ரொம்பப் பெரிது. அவருக்கும் தவணை கிடைக்கிறது, நமக்கும் ஒன்றிரண்டு நாளில் பணம் வந்துவிடுகிறது, வசூலுக்கு நடக்கிற வேலை வங்கியுடையது. நான் கடன் நோட்டில் எழுதி வராமல் போன தொகைகளைக் கூட்டிப் பார்த்தேன், கார்டுக்குக் கொடுத்த கமிஷனைவிட அது அதிகம். நான் கார்டை விடாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கணக்கு எழுதுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் பல மெஷின் நிறுவனங்கள் நம் வங்கிக் கணக்கில் போடுகின்றன, நாமும் வந்த தொகையையே விற்பனை என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதினால் கமிஷன் கண்ணிலேயே படாது. முழு விற்பனையை ஒரு பக்கம், பிடித்ததை ஒரு பக்கம் என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் கமிஷன், வாடகை, தகராறுக் கட்டணம், சரக்கு திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோதும் திரும்பி வராத கமிஷன், எல்லாவற்றையும் கூட்டி மொத்தக் கார்டு விற்பனையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அதுதான் நீங்கள் நிஜமாகக் கொடுக்கிற சதவீதம். எனக்கு முதல் தடவை வந்த எண்ணைப் பார்த்து, தப்பாக வகுத்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால்தான் இப்போதைய நிறுவனத்தில் வாடகை இல்லாமல், காலக்கெடு இல்லாமல் வாங்க முடிந்தது.

உங்கள் வணிகப் பக்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். கார்டு மெஷின் பற்றி அடுத்த முறை எழுதும்போது, சதவீதத்தோடு நிறுத்தாமல் பில்லுக்கான நிலையான தொகை, குறைந்தபட்ச மாதக் கட்டணம், விலகினால் அபராதம், சார்ஜ்பேக் கட்டணம் ஆகியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெளியிடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு பேச எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சிறு வியாபாரி